தட்டில் செத்த புற்று

அவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்கலாமா வேண்டாமா என்று பல்கலைக்கழகம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. குடும்பம் யோசிக்கவே இல்லை. ஆராய்ச்சியில் சேர்ந்த வாரமே ‘டாக்டரு’ என்று பெயர் வைத்துவிட்டது. ஆரம்பத்தில் பெருமையாகத்தான் கூப்பிட்டார்கள். வருஷம் போகப் போக அதே பெயர் கிண்டலாகிவிட்டது. “டாக்டரே, அந்த கேஸ் சிலிண்டரைக் கொஞ்சம் நகர்த்துங்க”, “டாக்டரே, வர்ற வழியில தக்காளி வாங்கிட்டு வாங்க.” நாற்பதை நெருங்குகிற மனுஷன், தலைமுடியில் பாதியைப் பறிகொடுத்துவிட்டு, இன்னமும் ‘மாணவர்’ என்று போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தால் வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்?

அவருடைய வேலை, நுரையீரல் புற்றுநோய் செல்களை வளர்ப்பது. ஆமாம், வளர்ப்பதுதான். கொல்வது பிறகு. எப்போதோ செத்துப்போன யாரோ ஒருவரின் நுரையீரலிலிருந்து எடுத்த செல்கள் அவை. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய புற்று மட்டும் நாடு நாடாகப் போய், ஆராய்ச்சிக்கூடங்களில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக் கொழுத்துக்கொண்டிருக்கிறது. ரோஸ் நிறத் திரவம் ஒன்றுதான் அதற்குச் சாப்பாடு. இரண்டு நாளைக்கு ஒருமுறை பழசை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். ஞாயிறு, விடுமுறை, மாமியார் வருகை எதுவும் அந்தச் செல்களுக்குப் புரியாது.

“ஞாயித்துக்கிழமையும் எங்க கிளம்பிட்டீங்க?” என்பாள் மனைவி.

“செல்லுக்குச் சாப்பாடு போடணும்.”

“வீட்லயும்தான் ரெண்டு இருக்கு. அதுங்களுக்கு ஒரு நாளாவது ஊட்டிவிட்டிருக்கீங்களா?”

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு டாக்டரு முட்டாள் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

ஆராய்ச்சிக்கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இருந்தது, அதன் கதவில் ‘பழுது’ என்ற அட்டையும் இருந்தது. அட்டை நாலைந்து தடவை புதுப்பிக்கப்பட்டது, லிஃப்ட்தான் அப்படியே கிடந்தது. அந்தக் கூடத்துக்கு ராஜா, பேராசிரியர். நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் கட்டுரை என்றால் மட்டும் அவருக்குக் கண்மண் தெரியாது. அவரிடம் ஒரு செய்முறை இருந்தது. ஒரு செடியைப் பிடி. இலையைக் காயவை, அரை, ஆல்கஹாலில் ஊறவை, வற்றவை, புற்றுச் செல்லின் தலையில் ஊற்று. செத்தால் கட்டுரை. சாகாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்று.

இப்படி ஊர்ப்பட்ட செடிகள் ஆகிவிட்டன. அந்த வருஷம் தூரப் போய்ப் பறித்து வர வண்டி கிடைக்கவில்லை. அதனால் கட்டடத்துக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டி மண்டிக் கிடந்த நாறிச்செடியைப் பறித்தார்கள். ஆடுகூட ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும், அப்படி ஒரு வாடை. டாக்டருதான் அரைத்தார். ஒரு வாரம் வீட்டில் அவருக்கு வராந்தாவில்தான் படுக்கை.

ஆனால் செல்கள் செத்தன. சும்மா சாகவில்லை, கொத்துக் கொத்தாகச் செத்தன. பேராசிரியர் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “தொண்ணூறு சதவீதம்யா! தொண்ணூறு!” என்று டாக்டருவின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

“சார், நல்ல நுரையீரல் செல்லுக்கு இது என்ன பண்ணுதுன்னு பாக்கல” என்றார் டாக்டரு, முதுகைத் தடவிக்கொண்டே.

“அது அடுத்த கட்டம்.”

அந்தக் கூடத்தில் எந்தச் செடிக்கும் அடுத்த கட்டம் வந்ததே இல்லை. அடுத்த செடிதான் வரும். நல்ல செல் வாங்கி வளர்ப்பது ரொம்பத் தொல்லை. சோறு அதிகம் கேட்கும், மெதுவாக வளரும், சட்டென்று செத்துவிடும். புற்றுச் செல் அப்படியா? ஊற்றியதைக் குடித்துவிட்டு மளமளவென்று வளரும். அதனால் புற்றை மட்டும் கொன்று பார்த்துவிட்டு, கட்டுரையின் கடைசியில் ‘மேலும் ஆய்வுகள் தேவை’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவது வழக்கம். அந்த வரியை டாக்டரு கண்ணை மூடிக்கொண்டே தட்டச்சு செய்வார். இந்த முறையும் செய்தார்.

கட்டுரை வந்தது. யாரோ ஒரு நிருபர் மூன்று மாடி ஏறி வந்தார். பேராசிரியர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பேசினார். மறுநாள் பேப்பரில், ‘நுரையீரல் புற்றுக்கு முடிவு கட்டும் சாக்கடையோரச் செடி! 90 சதவீதம் வெற்றி!’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. படத்தின் நடுவில் பேராசிரியர், கையில் ஒரு கொத்து நாறிச்செடி. ஓரத்தில் டாக்டருவின் ஒரு காதும் கொஞ்சம் தோளும். ‘மேலும் ஆய்வுகள் தேவை’ என்ற வரியைக் காணோம். இடம் போதவில்லையாம்.

அந்தக் காதுக்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே, அடடா! மாமனார் போன் செய்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக “மாப்பிள்ளை” என்று முழுசாகக் கூப்பிட்டார். கேஸ் சிலிண்டரை மனைவியே நகர்த்திக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் தன் மூட்டுவலிக்கு எந்தச் செடி நல்லது என்று கேட்டுவிட்டுப் போனார். டாக்டரு எல்லோரிடமும் லேசாகச் சிரித்து வைத்தார். அப்படியெல்லாம் இல்லைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த ஒரு வாய் இனிப்பை யார் துப்புவார்கள்?

ஆறாம் நாள் அத்தையிடமிருந்து போன் வந்தது. தாய்மாமனின் மனைவி.

“டாக்டரு, நீ நல்லா இருக்கணும்ப்பா. உன் மாமாவுக்கு நாலு நாளா அதைத்தான் அரைச்சுக் குடுக்கறேன். ஒரு டம்ளர் காலையில, ஒரு டம்ளர் ராத்திரி. கீமோவை நிறுத்தியாச்சு!”

டாக்டரு போனை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

மாமாவுக்கு நுரையீரலில் புற்று. இரண்டு கீமோ முடிந்திருந்தது, இன்னும் நாலு பாக்கி. மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்கள். இடதுபக்கம் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். அதில் ஒரு கால், வாயில் ஒரு சிகரெட், ஜன்னலில் ஒரு கை. எத்தனையோ பேர் லாரிக்கு நேராக வண்டியைத் திருப்பியும் அசராத மனுஷன், கீமோ முடிந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்ததும் அரண்டு போய்விட்டார். ‘இதுக்கு அதுவே தேவலை’ என்று புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மருமகனின் காது பேப்பரில் வந்தது.

இந்த மாமா இல்லாவிட்டால் டாக்டரு இல்லை. ‘படிச்சது போதும், எங்கேயாவது வேலைக்குப் போ’ என்று வீடே கூடிக் கத்தியபோது, “படிக்கிறவனைப் படிக்க விடுங்க, பசிச்சா என் வீட்ல சாப்பிடுவான்” என்று ஒற்றை ஆளாக எதிர்த்து நின்றவர். சொன்னபடியே சோறும் போட்டார். அப்படிப்பட்ட மனுஷன் தன்னை நம்பிச் சாகப்போகிறார்.

டாக்டரு மாமா வீட்டுக்கு ஓடினார். மாமா கட்டிலில் சாய்ந்து, பச்சையாக நுரைத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“வாடா டாக்டரே! இதைக் கண்டுபிடிச்ச வாய்க்குச் சர்க்கரை போடணும். வாடைதான் கொஞ்சம்...”

“மாமா, கீழ வைங்க அதை. அது தட்டுலதான் கொன்னுச்சு. ஆளுக்குள்ள என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது.”

“ஏன்டா, தட்டுல சாகுறது வயித்துல சாகாதா?”

“தட்டுல எதை ஊத்தினாலும் சாகும், மாமா!”

“அப்போ பேப்பர்ல போட்டது?”

“பேப்பர்ல ஆயிரம் போடுவாங்க.”

“உன் படத்தைப் போட்டிருக்காங்களே” என்றாள் அத்தை நடுவில் புகுந்து. அவள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். “தன் வாயால தன்னைப் புகழக் கூடாதுன்னு அடக்கமாப் பேசறான், விடுங்க.”

மாமா ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

வாயால் சொன்னால் நடக்காது என்று டாக்டருவுக்குப் புரிந்தது. கண்ணால் காட்ட வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு, உள்ளங்கை அகலம், வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். குழிகளில் புற்றுச் செல்லை விட்டு, அதன்மேல் மருந்தை ஊற்றி, கடைசியில் ஒரு மஞ்சள் சாயம் சேர்ப்பார்கள். செல் உயிரோடு இருந்தால் மஞ்சள் ஊதாவாக மாறும். செத்திருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். சின்னக் குழந்தைக்கும் புரியும். டாக்டரு ஒரு தட்டைத் தயார் செய்தார். முதல் வரிசையில் ஒன்றும் ஊற்றவில்லை. இரண்டாவதில் நாறிச்செடி. மூன்றாவதில் கேண்டீன் டீ. நாலாவதில் பாத்திரம் கழுவுகிற சோப்பு. ஐந்தாவதில், இதுதான் துருப்புச்சீட்டு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே, சிகரெட் புகையைத் தண்ணீரில் கொப்பளிக்கவிட்டு எடுத்த சாறு.

மாமாவை மூன்று மாடி ஏற்றுவதற்குள் பாதி உயிர் போய்விட்டது, இருவருக்கும்தான். வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துத் தட்டைக் கையில் கொடுத்தார். முதல் வரிசை நல்ல ஊதா. மற்ற நாலும் பளிச்சென்று மஞ்சள்.

“பாத்தீங்களா மாமா? செடி கொல்லுது. டீயும் கொல்லுது. சோப்பும் கொல்லுது. இந்தக் கடைசி வரிசை எது தெரியுமா? உங்க சிகரெட்டு!”

மாமா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“அடப்பாவி! அப்போ இத்தனை வருஷமா நான் மருந்தைத்தான் இழுத்துக்கிட்டு இருந்தேனா? அந்த ஆஸ்பத்திரிக்காரன் பேச்சைக் கேட்டு நிறுத்தித் தொலைச்சேனே!”

“ஐயோ மாமா, நான் சொல்ல வந்தது அது இல்ல...”

“எனக்கு எல்லாம் புரியுது. மஞ்சள்னா செத்துப்போச்சு. நீதானே சொன்னே?”

இறங்கி வந்ததும் மாமா நேராக முக்குக் கடைக்குப் போய் ஒரு சிகரெட் கேட்டார். டாக்டரு பாய்ந்து பிடுங்கிக் காலில் போட்டு மிதித்தார். கடைக்காரர் பேப்பரில் வந்த ஆள் என்று தெரிந்து மரியாதையாக எழுந்து நின்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் நாறிச்செடிக் கட்டுகள் அடுக்கியிருந்தன. மேலே ‘சஞ்சீவி இலை’ என்று எழுதி வைத்திருந்தார்.

அன்றைக்குத்தான் டாக்டரு, வேறு வழியே இல்லாமல், அடுத்த கட்டத்துக்குப் போனார். கீழ்மாடியில் ஆஸ்துமா ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி நல்ல நுரையீரல் செல் கொஞ்சம் வாங்கினார். தட்டில் பாதிக்குப் புற்று, பாதிக்கு நல்ல செல். ஒரு முனையில் துளியூண்டு நாறிச்சாறு, போகப் போக அதிகம். சாயம் ஊற்றிப் பார்த்தால், அட ராமா! புற்று தெம்பாக ஊதாவாக உட்கார்ந்திருந்த அதே அளவுச் சாற்றிலேயே நல்ல செல் சுத்தமாக மஞ்சளாகிவிட்டிருந்தது. அந்தச் செடி முதலில் கொன்றது நல்லதைத்தான். தண்டச்செலவுக்குப் பயந்து யாரும் பார்க்காத ஒரு தட்டு, அவ்வளவுதான் விஷயம்.

தட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனார். அவர் பார்த்தார், புருவத்தை உயர்த்தினார்.

“நல்ல செல்லும் சாகுதா? பேஷ்! இதையே தனிக் கட்டுரையாப் போட்டுடலாம்.”

“சார், ஜனங்க குடிக்கிறாங்க. பேப்பர்ல ஒரு மறுப்புக் குடுக்கணும்.”

“குடிக்கச் சொன்னது யாரு? நாம சொன்னோமா? ‘மேலும் ஆய்வுகள் தேவை’ன்னு தெளிவா எழுதியிருக்கோமே!”

“உங்க வீட்ல யாருக்காவது வந்தா இதைக் குடுப்பீங்களா சார்?”

பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன பேச்சுப் பேசறீங்க? நான் விஞ்ஞானிங்க! கண்ட இலையையும் அரைச்சுக் குடிக்க எனக்கென்ன பைத்தியமா?”

டாக்டருவே நிருபருக்குப் போன் செய்தார். செடி வேலை செய்யவில்லை என்பது செய்தி இல்லை என்று நிருபர் ரொம்பப் பணிவாக விளக்கினார். வேறு செடி ஏதாவது கொன்றால் கட்டாயம் கூப்பிடச் சொன்னார்.

தட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். மாமா மெலிந்திருந்தார். கண்ணோரம் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. டாக்டரு பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். இது புற்று, இது நல்ல செல், இது செடி செய்த வேலை. மாமா இந்த முறை சிரிக்கவில்லை.

“ஏன்டா, அந்தக் கீமோவும் நல்ல செல்லைக் கொல்லுதுதானே? இல்லாம எப்படி முடி கொட்டும், எப்படி இப்படி வாந்தி வரும்?”

டாக்டருவுக்குச் சுருக்கென்றது. பதில் இருந்தது, ஆனால் அதில் பொய் சொல்ல இடம் இல்லை.

“கொல்லும் மாமா. ஆனா எவ்வளவு குடுத்தா எது சாகும், எங்க நிறுத்தணும், எப்போ மறுபடி குடுக்கணும்னு மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்து வச்சிருக்காங்க.”

“உன் செடிக்கு?”

“தெரியாது.”

“ஒரு டம்ளரா, அரை டம்ளரா?”

“தெரியாது மாமா. எனக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாரும் பெருமையாக் கூப்பிட்டாங்கன்னு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். என்னை நம்பாதீங்க.” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கி மூக்கு ஒழுகியது. நாற்பது வயசு ஆள், கைக்குட்டைகூடக் கொண்டுவரவில்லை, சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டார்.

மாமா போனை வாங்கிக் கட்டிலில் வைத்தார்.

“வண்டி கத்துக்க வர்றவன்ல, ‘தெரியும் தெரியும்’னு சொல்றவன்தான் நேராக் கொண்டுபோய் மரத்துல விடுவான். ‘தெரியாது’ன்னு சொல்றவன் பக்கத்துல நான் பயப்படாம உக்காருவேன்.” அத்தையைப் பார்த்துத் திரும்பினார். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சட்டையை இஸ்திரி போட்டு வை.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மா, நிஜமான டாக்டர், நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “நடுவுல என்ன சாப்பிட்டீங்க?” மாமா மருமகனைப் பார்த்தார். “நாறிச்செடிச் சாறு” என்றார் மருமகன். கல்லீரல் வீங்கியிருக்கிறது, இந்த நிலையில் கீமோ ஏற்ற முடியாது, அது தணியட்டும், அதுவரை புற்று வளராமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தணியுமா என்று கேட்டதற்கு, “பாக்கலாம்” என்றார்.

வெளியே கூடத்தில் மருந்துச் சீட்டுக்காக உட்கார்ந்தார்கள். ஒன்றோடொன்று கோத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரே ஒரு பெண், பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய புருஷன். அவள் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்ததும் அந்த வாடை கூடம் முழுக்கப் பரவியது. டாக்டருவுக்கு உலகத்தில் எந்த வாடையையும்விட நன்றாகத் தெரிந்த வாடை.

“அம்மா, அதைக் குடுக்காதீங்க” என்று எழுந்தார்.

“ஏங்க? பேப்பர்லயே வந்துச்சே. ஒரு டாக்டர் கண்டுபிடிச்சிருக்காரு.”

மாமா கையை நீட்டி மருமகனைக் காட்டினார். “அந்த டாக்டர் கூட வேலை பாக்குறது இவன்தான்மா. இவன் சொல்றான், கேளு.”

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து இரண்டு கையையும் குவித்தாள்.

“நீங்களா! கடவுளே நேர்ல வந்த மாதிரி இருக்குங்க.”

“இல்லம்மா, கேளுங்க. அது மருந்து இல்ல. நல்ல செல்லையும் கொல்லுது. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

“பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான் அடக்கமாப் பேசுவீங்க.”

“இந்தா பாரும்மா” என்றார் மாமா. “நான் குடிச்சேன். ஈரல் கெட்டுப்போச்சு. இன்னிக்கு ஊசி போட மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

அவள் மாமாவை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணோரத்து மஞ்சளையும் பார்த்தாள். முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

“எவ்வளவு குடிச்சீங்க ஐயா?”

“காலையில ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர்.”

“அதான்!” என்றாள், பெரிய பாரம் இறங்கியவள்போல மூச்சை விட்டு. “அளவு கூடிப்போச்சு. நான் இவருக்கு அரை டம்ளர்தான் குடுக்கறேன்.”

டாக்டரு கையை நீட்டுவதற்குள் அவள் புருஷன் பாட்டிலை வாங்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார். குடித்து முடித்து, வாயைத் துண்டால் துடைத்து, மூச்சு வாங்க, டாக்டருவைப் பார்த்துத் தழுதழுத்த குரலில் சொன்னார்: “நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும், டாக்டர்.”